மகராசியின் புருஷன்

அந்த ஆஸ்பத்திரியில் தனிக் கட்டில் கிடைத்தது ஒருத்திக்கு மட்டும்தான். அவளை எல்லோரும் மகராசி என்று கூப்பிட்டார்கள். ரப்பரில் செய்தவள்.

பிரசவ வார்டுக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் அவள் படுத்திருப்பாள். தலைக்கு மேலே மின்விசிறி. பக்கத்தில் குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்ள விளக்கு போட்ட மேடை. கை எட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு மணி. அதை அழுத்தினால் இரண்டே நிமிடத்தில் டாக்டர் வந்து நிற்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை அவளுக்குப் பிரசவம் நடக்கும். வயிற்றில் இருக்கும் ஜிப்பைத் திறந்து மூன்று கிலோ ரப்பர்க் குழந்தையை உள்ளே வைத்து மூடுவார்கள், பிறகு முறைப்படி வெளியே எடுப்பார்கள். முதுகுக்கு அடியில் ஒரு பையில் சிவப்புத் தண்ணீர். அதன் திருகைத் திறந்தால் ரத்தப்போக்கு. நர்ஸுகள் ஓடி வந்து வயிற்றைப் பிசைந்து, ஊசி போட்டு, போக்கை நிறுத்துவார்கள். ஐந்து வருஷத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் பிரசவம். ஒரு தடவைகூட மகராசி சாகவில்லை.

அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அது வார்டுச் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் கீழே பாயில் மூன்று பெண்கள் படுத்திருந்தார்கள். கேடயம் கனமானது. ஆணி தாங்குமா என்று அவர்கள் வலிக்கு நடுவிலும் மேலே பார்த்துக்கொண்டார்கள்.

நான் கட்டடத்தில் கல் சுமக்கிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுவேன். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த 'மாண்புமிகு தாய்மை: இருபத்திரண்டு படிகள்' என்ற தாளையும் படித்தேன். ஐந்தாம் படி, கணவர் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்ல வேண்டும். ஏழாம் படி, தாயைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பதினெட்டாம் படி, பிரசவம் முடிந்தபின் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை வயிற்றை அழுத்தி, ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் படியை மட்டும் மூன்று தடவை படித்தேன். காரணம் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மனைவி மூத்தவளைப் பெற்றது இதே ஆஸ்பத்திரியில்தான். பெற்ற அன்றே கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. வாசலில் காவல்காரரிடம் தாளை நீட்டி, "என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்குப்பா, கூட்டிட்டுப் போ," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் வழியே ரத்தம் இறங்கி, அவர் செருப்பு வரைக்கும் போய் நின்றது. இன்னோர் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கூட வேலை செய்த நாலு பேர் அங்கே வந்து ரத்தம் கொடுத்துத்தான் அவள் பிழைத்தாள். அதற்கப்புறம்தான் நான் எழுத்து கற்றுக்கொண்டேன். அந்தத் தாளை நாலாக மடித்து சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வேலைக்குப் போனாலும் அது என்னோடுதான் வரும்.

இந்தத் தடவை வலி எடுத்து விடியற்காலை கூட்டி வந்ததும், முதல் வேலையாகப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன்.

"சிஸ்டர், மொத பிரசவத்துல இவளுக்கு ரத்தம் நிக்கலைங்க."

"கார்டுல எழுதியிருக்கா?"

"இருக்குங்க. செவப்பு மையில கோடு போட்டு எழுதியிருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு வாயால சொல்ற?"

"இல்ல, கொஞ்சம் கூடவே பாத்துக்குவீங்களான்னு..."

"கார்டு எங்க கையில வந்துருச்சுல்ல? இனி அது எங்க பொறுப்பு," என்று சொல்லி, கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார்டுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. என் அக்காதான் துணைக்குப் போனாள். கட்டில் ஒன்றுக்கு இரண்டு பேர் ஏற்கெனவே படுத்திருந்ததால் என் மனைவிக்கு ஆறாம் பாய் கிடைத்தது. அப்போதிலிருந்து, அதாவது அந்த ஐந்து மணி நேரமும், அவளுக்கு ஆறாம் பாய் என்றே பெயர்.

பத்து மணிக்கு வார்டில் இருந்த ஐந்து நர்ஸுகளும் ஒரே நேரத்தில் வெளியே வந்து எதிர் அறைக்குள் போனார்கள். மேலிடத்திலிருந்து மதிப்பெண் போடும் குழு வந்திருக்கிறதாம். உள்ளே ஒரு பெண் கத்தினாள். கதவருகே உட்கார்ந்திருந்த ஆயா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மகராசிக்கு வலி எடுத்திருக்கு."

நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிஸ்டர் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏய், நீதான். சும்மாதானே நிக்கிற?"

"எம் பொண்டாட்டி உள்ள வலியில கெடக்கா சிஸ்டர்."

"அதைத்தான் சொல்றேன். சும்மாதானே நிக்கிற. இங்க வா. மகராசிக்குப் புருஷன் வேணும்."

வழக்கமாக லிஃப்ட்காரர்தான் மகராசியின் புருஷனாக நிற்பாராம். அன்று லீவு. அவர் மனைவிக்குப் பிரசவமாம், வேறு ஆஸ்பத்திரியில்.

எனக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். சின்ன சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். மெலிந்த பெண், இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்கு அனுப்பவில்லை போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இடது கையைப் பிடிச்சுக்கங்க. தலையைத் தடவுங்க. 'பயப்படாத, நான் இருக்கேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

ரப்பர்க் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் இருக்கேன்," என்றேன்.

"பாசம் பத்தல," என்றார் பெரிய சிஸ்டர். "பாசத்துக்கு அஞ்சு மார்க் இருக்கு. பொண்டாட்டி மேல பாசம் இல்லாதவனா நீ?"

எதிர் வார்டிலிருந்து என் மனைவியின் முனகல் கேட்டது. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை பாசம் போதுமான அளவு இருந்ததாகச் சொன்னார்கள்.

குழந்தையை வயிற்றில் வைக்கும்போதுதான் ஜிப் சிக்கிக்கொண்டது. நாலு நர்ஸுகள் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. "நீ கல்லு தூக்குற ஆளுதானே, இழு பாப்போம்," என்றார் பெரிய சிஸ்டர்.

இழுத்தேன். தொப்புளில் ஆரம்பித்து விலா வரைக்கும் மகராசி கிழிந்துபோனாள். முதுகுப் பையும் சேர்ந்து பிய்ந்து, சிவப்புத் தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டி வடிகாலில் போய்ச் சேர்ந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. கல் தூக்குகிற கைக்கு அளவு தெரியாது.

பெரிய சிஸ்டர் சுவரில் சாய்ந்துவிட்டார். எத்தனையோ பிரசவத்தில் எத்தனையோ பார்த்தவர். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்ததாகப் பிறகு ஆயா சொன்னார்.

"இன்னும் பத்து நிமிஷத்துல கமிட்டி வந்துரும். டீ குடிச்சிட்டு இருக்காங்க. ஐயோ, என் கேடயம்!"

அதே நேரத்தில் என் அக்கா வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"டேய், தலை தெரியுதுடா! உள்ள ஒருத்திகூட இல்ல. நான் யாரைடா கூப்புடுறது?"

நான் கட்டிலைப் பார்த்தேன். சிவப்பு மணியைப் பார்த்தேன். சுவரில் இருந்த பதினெட்டாம் படியையும் பார்த்தேன்.

"சிஸ்டர், எம் பொண்டாட்டிய இங்க படுக்க வச்சிரலாமுங்க. கொழந்தையும் ரெடியா இருக்கு," என்றேன்.

பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சத்தம் போடுவாளா?"

அக்கா முந்திக்கொண்டாள். "போன தடவ சத்தம் போட்டதுக்குத் தொடையில அடிச்சீங்களே, மறந்துட்டீங்களா? அதனால இந்தத் தடவ வர்றப்பவே துணிய வாயில கடிச்சுட்டு வந்திருக்கா."

"அப்ப சரி," என்றார் பெரிய சிஸ்டர் திருப்தியாக. "பாத்தியா, கண்டிப்பு எப்ப ஒதவுதுன்னு. தூக்கிட்டு வாங்க. மகராசிய எங்க போடறது?"

"ஆறாம் பாய் காலியாத்தானே ஆகுது," என்றார் சின்ன சிஸ்டர்.

அப்படியே ஆயிற்று. என் மனைவி கட்டிலுக்கு வந்தாள். மகராசி பாய்க்குப் போனாள். கிழிசல் தெரியாமல் கழுத்து வரைக்கும் எங்கள் போர்வையைப் போர்த்தி, பக்கத்தில் ரப்பர்க் குழந்தையையும் கிடத்தினார்கள். பாயை வேறு யாரும் பிடித்துவிடாமல் இருக்க அக்கா அங்கேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர், மதிப்பெண் அட்டை பிடித்த ஓர் அம்மாள், நேரம் பார்க்க ஒருவர். அவர்களோடு ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரும் வந்தார். அவர் வாசலிலேயே நின்று உரையாற்றினார்.

"ஐயா, நிஜத் தாய்மார்கள் வருவாங்க, போவாங்க. ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. ஒருத்திக்குச் சீக்கிரம் ஆகும், ஒருத்திக்கு ஆகாது. அவங்களை வச்சு எப்படி ஐயா தரத்தை அளக்கறது? மகராசி என்னைக்கும் ஒரே மாதிரி. அதனாலதான் எங்க ஊழியர்கள், எங்க கருவிகள், எங்க அன்பு, எல்லாத்தையும் சிதறவிடாம ஒரே கட்டில்ல குவிச்சிட்டோம்."

தலைவர் தலையாட்டினார். கட்டிலைக் குனிந்து பார்த்தார். "இது புதுசா? போன வருஷம் வேற மாதிரி இருந்துச்சே."

கண்காணிப்பாளர் போன வருஷம் எப்படி இருந்தது என்று பார்த்ததில்லை. "புது மாடல் ஐயா," என்றார்.

"வேர்க்குதே."

"ஆமாங்க ஐயா. அந்த வசதியும் சேர்த்துத்தான் வந்திருக்கு."

நேரம் பார்ப்பவர் கடிகாரத்தை அமுக்கினார். நான் மனைவியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தடவினேன்.

"பயப்படாத, நான் இருக்கேன்."

அவள் துணியைத் துப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

"வெளியதான் இருந்தேன். விடல."

"பொம்மை பேசுதா?" என்றார் தலைவர்.

"புது மாடல் ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

ஏழாம் படி வந்தது. சின்ன சிஸ்டர் குனிந்து, "மகராசி, மூச்சை நல்லா இழுத்து விடும்மா. அப்படித்தான். இன்னும் கொஞ்சம், என் ராசாத்தி," என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

சின்னவள் பிறந்தாள். வெளியே வந்ததும் அழுதாள். விளக்கு மேடையில் வைத்துத் துடைத்தார்கள், எடை பார்த்தார்கள்.

"ரெண்டு கிலோ அறுநூறு," என்றார் அட்டை அம்மாள். "மூணு கிலோ இருக்கணுமே. ரெண்டு மார்க் குறைக்கிறேன்."

பதினாறாம் படியின்படி, பிரசவம் முடிந்து ஐந்தாவது நிமிடத்தில் திருகைத் திறந்து ரத்தப்போக்கைத் தொடங்க வேண்டும். இங்கே திருகு இல்லை. மூன்றாவது நிமிடமே தொடங்கிவிட்டது.

முதலில் அதைப் பார்த்தது சின்ன சிஸ்டர்தான். அவர் முகம் மாறியது. கை மட்டும் மாறவில்லை. இரண்டு வருஷமாக ரப்பர் வயிற்றைப் பிசைந்து பழகிய கை, இந்த வயிற்றையும் அதே மாதிரி பிசைந்தது. சிவப்பு மணியை முழங்கையால் அழுத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இளம் டாக்டர் ஒருவர் தலை வாரிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து தலைவருக்கு வணக்கம் சொன்னார். பிறகுதான் கட்டிலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஊசி, சொட்டு மருந்து, இன்னோர் ஊசி. எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்து மேசை மேலேயே தயாராக இருந்தன. எதிர் வார்டில் அந்த மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது என்று காலையில்தான் அக்கா சொல்லியிருந்தாள்.

"இந்தச் சிவப்புத் தண்ணி எங்க வாங்குறீங்க?" என்றார் தலைவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் வெளிறிப் போய் இருக்கு. இது அசலாட்டம் இருக்கு."

"நாங்களே தயாரிக்கிறோம் ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

என் கையில் இருந்த கை குளிர்ந்துகொண்டே போனது. சொல்லிக்கொடுத்த வசனம் தீர்ந்துவிட்டது. "ஏய், என்னைப் பாரு. கண்ண மூடாத. பெரியவ வீட்டுல உனக்காக உக்காந்திருக்கா, பாரு," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"புருஷன் நடிப்பு கொஞ்சம் அதிகம்," என்று அம்மாள் குறித்துக்கொண்டார்.

ரத்தம் நின்றது. சின்ன சிஸ்டர் இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார். நேரம் பார்ப்பவர் கடிகாரத்தை அமுக்கி, "பதினொரு நிமிஷம். போன வருஷம் ஆறு நிமிஷத்துல நின்னுச்சு," என்றார்.

மொத்தம் எண்பத்தெட்டு மதிப்பெண். எடைக் குறைவு, நேரத் தாமதம், தரையில் கறை ஆகியவற்றோடு, குழந்தையைக் கொடுத்தபோது தாய் முகத்தில் புன்னகை வரவில்லை என்பதற்கும் ஒன்று குறைத்திருந்தார்கள். தலைவர் முடிவுரை சொன்னார்.

"பாராட்டறேன். உண்மைக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க. ஒரு சின்ன யோசனை மட்டும். இவ்வளவு உண்மை வேண்டாம். பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. பதினெட்டாம் படியிலேருந்து மீதியை எழுதிக் குடுத்துருங்க, போதும். நேர்ல பாக்கணும்னு ஒண்ணும் இல்ல."

சாப்பாட்டுக்குப் போனார்கள். சாப்பாட்டு அறையில் நாற்காலி போடுவதற்காக, தலைவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஓடியிருந்த பெரிய சிஸ்டர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"சரி, முடிஞ்சுது. தூக்குங்க இவளை. பாய்க்கு அனுப்புங்க."

"சிஸ்டர், கால் மணிக்கு ஒருக்கா பாக்கணும்னு போட்டிருக்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு," என்று சுவரைக் காட்டினேன்.

"அது மகராசிக்கு."

"இப்ப இவதானுங்களே மகராசி."

"யாருடா உனக்குப் படிக்கக் கத்துக்குடுத்தது?" என்றார். அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. "கமிட்டி போயிருச்சுல்ல? அதோட மகராசியும் முடிஞ்சா, அவ புருஷனும் முடிஞ்சான். அங்கியக் கழட்டு."

அப்போது சின்ன சிஸ்டர், குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "சாப்பிட்டுட்டு மறுபடியும் வருவாராம் சிஸ்டர். பதினெட்டாம் படியை நேர்ல பாக்கணும்னு தலைவர் சொன்னார்."

தலைவர் அப்படிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தானே நின்றிருந்தேன். அங்கியின் முடிச்சிலிருந்து கையை எடுத்தேன்.

பெரிய சிஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப ரெண்டு மணி நேரம் கெடக்கட்டும். கட்டில் துணியை மாத்திப் போடுங்க. சிரிக்கச் சொல்லுங்க அவளை," என்று சொல்லிவிட்டு, பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வரும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கால் மணிக்கு ஒரு தடவை சின்ன சிஸ்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், துணியைப் பார்த்தார், சுவர்த் தாளில் ஒரு கோடு போட்டார். முதல் தடவை சரி. இரண்டாவது, மூன்றாவது சரி. நாலாவது தடவை அழுத்தியபோது கையை எடுக்கவில்லை. வயிறு இளகிவிட்டிருந்தது. பிசைந்தார். கட்டி கட்டியாக வந்தது. இன்னோர் ஊசி போட்டார். நின்றது. யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அதற்குக் கற்பனை தேவையில்லை.

அவர் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கையில் ஒரு தாளோடு வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"டேய், பெரிய டாக்டர் வந்து போனார்டா. 'ஆறாம் பாய்?'னு கேட்டார். பெரிய சிஸ்டர், 'பிரசவம் ஆயிருச்சு டாக்டர்'னாங்க. அவரு நின்னாரா? நடந்துக்கிட்டே எழுதினார். மகராசி முழிச்சுப் பாத்துட்டே கெடக்கு. 'தூங்கலையாம்மா?'னு கேட்டுட்டுப் போயிட்டார். போர்வையைக்கூட வெலக்கல. பெரிய சிஸ்டர் பக்கத்துலயேதான் நின்னாங்க, மூச்சு விடல."

தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தாய் நலம். ரத்தப்போக்கு இல்லை. குழந்தை பால் குடிக்கிறது. வீட்டுக்குப் போகலாம்.'

அங்கிக்குள் கையை விட்டு, சட்டைப் பையிலிருந்து பழைய தாளை எடுத்துப் பிரித்தேன். மடிப்பு இற்றுப்போயிருந்தது. இரண்டையும் கட்டில் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதே நாலு வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"என்னங்க போட்டிருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். குரல் மெலிந்திருந்தாலும் குரல் இருந்தது. சின்னவள் அவள் மார்பில் கிடந்தாள்.

"நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்கு."

"போன தடவையும் அதைத்தானே போட்டிருந்தாங்க?"

"ஆமா," என்றேன். "ஆனா இந்தத் தடவ டாக்டர் எழுதினது பொய் இல்ல. பாயில கெடக்கறவளுக்கு ஒரு சொட்டு ரத்தம் போகல."